அப்பாவின் கார்

வண்டலூரில் பிறந்து கரோல் பாகில் வாழ்ந்த சீமைக் கார் ஒன்றின் கதை

தில்லியில் பனி விலகி, வெயில் இதமாகத் தெரியும் நாட்களில் பழைய மோட்டார் கார்களின் ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் நம்மவர்களில் பலர் உண்டு. 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை 1964-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த ஊர்வலம் அது. ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, ஆஸ்டின், மோரிஸ் என்று ராஜாக்களும் ஜமீன்தார்களும் வைத்திருந்த சீமைக் கார்கள் பித்தளை பளபளக்க வரிசையாக வரும். சாணக்யபுரி ரயில் மியூசியத்திலிருந்து 1914-ஆம் வருடத்து ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டிகூட அந்த வரிசையில் வந்ததுண்டு. நிஜாம் சமஸ்தானத்தில் வேலை பார்த்த வண்டி அது. ரயில்வேக்காரர்களுக்கு அதைப் பார்ப்பதில் ஒரு தனிப் பெருமை.

ஆனால் கரோல் பாக் நாயிவாலாவில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடை ஒன்றில் வேலை செய்யும் நம்மவர் ஒருவருக்கு அந்த ஊர்வலம் திருப்தி தருவதில்லை. அவர் தேடும் கார் அதில் வருவதில்லை. வரவும் முடியாது, அதற்கு இன்னும் வயது போதாது. தில்லித் தெருவில் ஓடுவதற்கோ வயது அதிகம். அந்தக் காரை அவர் சிறு வயது முதல் 'அப்பா கார்' என்றே சொல்லி வந்திருக்கிறார். அவருடைய அப்பா அந்தக் காரின் சொந்தக்காரர் அல்ல, டிரைவர்.

சைக்கிள் யுகம்

கரோல் பாகுக்கும் தமிழர்களுக்கும் உள்ள தொடர்பு நெடுநாளையது. சர்க்கார் உத்தியோகம் பார்க்க வந்த தென்னாட்டுக் குமாஸ்தாக்களின் பிள்ளைகள் படிப்பதற்காக 1923-இல் மதராஸி கல்விச் சங்கம் தோன்றியது. அதுவே பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆயிற்று. பூசா ரோடில் அதன் பள்ளி இருக்கிறது. மேற்கு விஸ்தரிப்புப் பகுதியின் வீடுகளில் ஒரு காலத்தில் காலை வேளையில் நடந்து போனால் காப்பி மணமும் வெங்கடேச சுப்ரபாதமும் வீட்டுக்கு வீடு வரும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

ஆனால் அந்த வீடுகளின் வாசலில் கார் நின்றது அபூர்வம். குமாஸ்தாவுக்குச் சைக்கிள், சற்று வசதி வந்தால் ஸ்கூட்டர், அதற்கும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே கரோல் பாகில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கார் என்றால் பெரும்பாலும் மற்றவர் கார்தான். கல்யாணத்துக்கு இரவல் வாங்கியது, ஆபீசர் வீட்டு வாசலில் நின்றது, ஸ்டேஷனில் யாரோ ஏறிப் போனது. தொட்டுப் பார்த்ததும் எட்டிப் பார்த்ததும்தான் அனுபவம்.

அந்த டிரைவரின் மகனுக்குக் கிடைத்த அனுபவம் இதைவிடக் கொஞ்சம் அதிகம். வேதனையும் அதே அளவுக்கு அதிகம்.

வண்டலூரில் பிறந்த வெள்ளைக்காரர்

திண்டிவனத்துக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து 1960-களின் கடைசியில் தில்லிக்கு வந்தவர் அந்தத் தகப்பனார். சென்னைக் கம்பெனி ஒன்றின் தில்லிப் பிரதிநிதியாக இருந்த தமிழர் ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். முதலாளிக்குக் கரோல் பாகில் சொந்த வீடு. அதன் மொட்டை மாடியில் இருந்த பர்ஸாத்தி அறையில்தான் டிரைவரின் குடும்பம்.

முதலில் அவர் ஓட்டியது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசிடர், பியட், ஹெரால்டு என்ற மூன்று பெயர்களுக்குள் இந்திய மோட்டார் உலகம் அடங்கியிருந்த காலம் அது. மூன்றில் ஹெரால்டு நம்ம ஊர்க்காரர். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டோடு சென்னையில் 1948-இல் உருவான ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பகுதியில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகத் தொழிற்சாலை வைத்து அதைச் செய்தது. 1961-இல் ஹெரால்டு வந்தது. உருவம் வரைந்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலிக்காரர். பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கரோல் பாக் சந்துகளுக்கென்றே செய்த வண்டி என்பார் அந்த டிரைவர். நான்கு கதவு வைத்த ஹெரால்டை 1968-இல் நம் நாட்டுக்கென்றே தனியாகச் செய்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் 1963-இலேயே கார்களுக்கு 'ஸ்டாண்டர்டு' என்று பெயர் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். பெற்ற ஊரில் மறைந்த பெயர் வண்டலூரில் மேலும் 25 ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

ஹெரால்டுக்குப் பின் கெஸல் வந்து, அதுவும் 1970-களில் நின்றது. பிறகு 1985-இல் அதே தொழிற்சாலையிலிருந்து யாரும் எதிர்பாராத ஒன்று வெளியே வந்தது. அதுதான் ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனி 1976-இல் கொண்டுவந்து, 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்று பரிசு வாங்கிய எஸ்.டி.-1 என்ற மாடலின் உடம்பு அதற்கு. சீமையில் பெரிய உத்தியோகஸ்தர்களும் போலீசாரும் ஓட்டிய வண்டி. மூக்கு நீண்டு, முதுகு சரிந்து, பின்பக்கம் முழுதும் ஒரே கதவாக மேலே தூக்கித் திறக்கும். நம் ஊர்ச் சாலைகளுக்காக இங்கே கொஞ்சம் உயர்த்திக் கட்டினார்கள்.

உடம்பு ராஜா உடம்பு, உயிர் வேறு. இங்கிலாந்தில் அதே காருக்கு எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின்வரை வைத்தார்கள். இங்கே வைத்தது 1,991 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு கார் வழி வந்தது. அந்தக் குடும்பத்து எஞ்சின்தான் கோவென்ட்ரியில் செய்த பெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. இழுக்கும், உழைக்கும்; ஆனால் பெட்ரோல் குடிக்கும். விலையும் அதிகம். 1983 டிசம்பரில் குர்காவிலிருந்து மாருதி 800 புறப்பட்டு ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்த நேரம் வேறு. ஸ்டாண்டர்டு 2000 தாக்குப் பிடிக்கவில்லை. 1988-இல் கார் உற்பத்தி நின்றது.

மூன்றே ஆண்டு வாழ்ந்த அந்த மாடலில் 1986-ஆம் வருடத்து வண்டி ஒன்று கரோல் பாக் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய்

டிரைவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். தில்லிக் குளிரில் வாளித் தண்ணீரில் கை மரத்துப் போகும். முதலில் ஈரத் துணி, பிறகு உலர்ந்த மஞ்சள் துணி. சோக்கை இழுத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டு, சூடேறும் வரை காத்திருப்பார். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே உட்கார்ந்து துடைப்பார். மகன் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே ஏற அனுமதி கிடையாது. "ஐயா வண்டிடா. கை வைக்காதே" என்பார் அப்பா.

பையனுக்குப் பெரிய அதிசயம் டாஷ்போர்டு. மீட்டர்கள் எல்லாம் தனியாக ஒரு பெட்டிக்குள் அடங்கி, அந்தப் பெட்டி டாஷ்போர்டின் மேல் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் இடது பக்கம் வைத்த நாடுகளுக்கும் வலது பக்கம் வைத்த நாடுகளுக்கும் பெட்டியை மாற்றி வைத்தால் போதும் என்று சீமையில் செய்த ஏற்பாடு அது. பையனுக்கு அதெல்லாம் தெரியாது. காருக்குள் ஒரு டி.வி. இருக்கிறது என்று நினைத்திருந்தான்.

1987-இல் அவனுக்கு எட்டு வயது. வகுப்பில் பிள்ளைகள் வீட்டில் என்னென்ன வண்டி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். ஒருவன் வீட்டில் பஜாஜ் ஸ்கூட்டர். ஒருவன் சித்தப்பாவுக்கு மாருதி. இவன், "எங்க அப்பாவுக்கு ரோவர் கார்" என்றான். உள்ளே டி.வி. இருப்பதையும் சேர்த்துச் சொன்னான்.

பொய் ஒரு வாரம் நின்றது. ஒரு நாள் மாலை பள்ளி விடும் நேரத்தில் அந்தக் கார் அந்த வழியாகவே வந்து நின்றது. முதலாளியின் மகள் பக்கத்துத் தெருவில் பாட்டுக் கற்றுக்கொண்டு திரும்பும் நேரம் அது. அப்பா இறங்கி, சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து, பாட்டு நோட்டை வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். "உங்க அப்பாவா, டிரைவரா?" என்று ஒருவன் கேட்டான். இவன் பதில் சொல்லவில்லை. அப்பா இவனைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தபோது, பார்க்காதவன் போல் திரும்பிக்கொண்டான்.

முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்த மனிதர் இதைச் சொல்லும்போது, கையில் உள்ள ரெக்சின் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கேலி செய்தவர்களை அவர் மறந்துவிட்டார். தாம் திரும்பிக்கொண்டதைத்தான் மறக்க முடியவில்லை.

அப்பா அன்று இரவு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைத்து முடித்ததும், "போய்க் குளிச்சிட்டு நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா. ஐயாகிட்ட கேட்டுட்டேன்" என்றார். பின்கதவைத் திறந்தார். முதலாளி உட்காரும் இடது பக்கத்து இருக்கையில் மகனை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். சங்கர் ரோடு வழியே ரிட்ஜ் மேட்டில் ஏறி, தௌலா குவான் தாண்டி, ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போனார்கள். படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்பினார்கள். போகும்போதும் வரும்போதும் அப்பா அதிகம் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, சுற்றி வந்து, மகனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"நான் கதவத் தொறக்கறது வேலைடா. அதுல வெக்கம் இல்லை. பொய்யிலதான் வெக்கம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் காரில் பையன் ஏறியது அந்த ஒரு நாள்தான்.

இரண்டு பிள்ளைகள்

காலம் ஓடியது. முதலாளி ஓய்வு பெற்றார். கார் போர்ட்டிகோவில் உறை போட்டு நின்றது. டிரைவரும் வயதாகி ஸ்டியரிங்கை விட்டார். ஆனால் வாரம் ஒரு முறை வந்து துடைத்துவிட்டுப் போவார். 15 வயதுக்கு மேற்பட்ட வண்டிகள் தில்லியில் ஓடக் கூடாது என்று 2014 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018 அக்டோபர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூச்சு விட முடியாத ஊரில் இப்படி ஓர் உத்தரவு வந்ததில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1986-ஆம் வருடத்து வண்டிக்கு அத்துடன் தில்லியில் கதை முடிந்தது.

2019-இல் முதலாளி காலமானார். வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கும் மகள் வீட்டை விற்க வந்தார். கபாடிக்காரர் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு எடைக்கு விலை சொன்னார். மகளுக்கு மனம் வரவில்லை. டிரைவரையும் அவர் மகனையும் கூப்பிட்டு அனுப்பினார்.

உறையை நீக்கியதும் அந்த அம்மாள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பாட்டு வகுப்புக்குப் போகும்போது மழையில் கண்ணாடியில் விரலால் ஸ்வரம் எழுதியது, ஜனவரிக் காலையில் அப்பா மடியில் தலை வைத்துத் தூங்கியது, சீட்டின் வாசனை என்று எதையெதையோ நினைத்துக்கொண்டு, "அப்பா கார்" என்றார்.

"எனக்கும் அப்பா கார்தாங்க" என்றார் வெளியே நின்ற டிரைவரின் மகன், தம்மை அறியாமல்.

சொன்ன பிறகுதான் சங்கடமாக இருந்தது. அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பெரியவரைப் பார்த்து, "மாமா, நீங்களே எடுத்துக்குங்க. எங்க அப்பா இதுல உட்கார்ந்ததைவிட நீங்க உட்கார்ந்ததுதான் அதிகம்" என்றார்.

"எனக்கு எதுக்கு பாப்பா கார்? வைக்க எடம் ஏது?" என்றார் பெரியவர். ஆனால் கை காரின் கூரையை விட்டு எடுக்கவில்லை.

திரும்பிப் போன வழி

மகன்தான் முடிவு செய்தார். தமிழ்நாட்டில் வயதை மட்டும் பார்த்துத் தடுக்கும் அந்த உத்தரவு இல்லை. சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஊரில் பாட்டனார் காலத்து மாட்டுக் கொட்டகை காலியாக இருந்தது. வாரிசு பெயருக்கு ஆர்.சி.யை மாற்றி, வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்று வாங்கி, வேறு மாநிலத்துக்குக் கொண்டு போக ஆட்சேபணை இல்லை என்ற சான்றும் பெற வேண்டும். கரோல் பாக் கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பல திங்கட்கிழமைகள் இதற்கே போயின. லாரிக் கூலிக்குச் சேமிப்பில் கை வைத்தார். வீட்டுக்காரிக்கு அதில் கோபம். பெண்ணின் காலேஜ் பணத்தை எடுத்து யாராவது ஓடாத காருக்குப் போடுவார்களா என்று அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை அவரிடம் பதில் இல்லை. "கேட்டது நியாயந்தான்" என்கிறார்.

கார் லாரியில் போயிற்று. பெரியவரும் மகனும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் போனார்கள். லாரி சென்னையைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோடில் வரும்போது பெருங்களத்தூரில் பத்து நிமிடம் நிறுத்த வேண்டும் என்று பெரியவர் கேட்டிருந்தார். மின்சார ரயிலில் வந்து இறங்கி இருவரும் காத்திருந்தார்கள்.

ஸ்டாண்டர்டு தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள், கம்ப்யூட்டர் ஆபீசுகள், அடுக்கு மாடி வீடுகள். 1988-க்குப் பிறகு மிச்சமிருந்த உதிரி பாகங்களைக்கூட வருடங்கள் கழித்து இங்கிலாந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே ரோவர் வைத்திருப்பவர்களுக்கு அவை பொக்கிஷம். சீமையிலிருந்து வந்த கார், சீமைக்கே பாகம் கொடுத்த கதை இது.

லாரி வந்து ஓரமாக நின்றது. கேட்டில் இருந்த காவலாளி வந்து விசாரித்தார். பெரியவர் லாரியின் மேலே கயிறு போட்டுக் கட்டியிருந்த காரைக் காட்டி, "இது பொறந்த ஊரு தம்பி இது. பார்த்துட்டுப் போகட்டும்னு நிறுத்தினேன்" என்றார். காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

2036

இரண்டு ஆண்டு கழித்து, 2021 ஜூலையில், மத்திய அரசு பழம்பெரும் மோட்டார் வண்டிகளுக்கெனப் புதிய விதிகளை அறிவித்தது. முதன் முதலாகப் பதிவு செய்து 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் ரோடில் எடுக்கலாம்.

பெரியவர் முதலில் ஓட்டிய ஹெரால்டுக்கு இன்று அந்த வயது வந்திருக்கும். அது எங்கே போயிற்றோ தெரியாது. 1986-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு 2000-க்கு 50 நிறைவது 2036-இல். ஊர்வலத்தில் போக அதற்குப் பிறகுதான் தகுதி. பெரியவர் இப்போதே எண்பதைத் தாண்டிவிட்டார். தந்தையும் மகனும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டு, வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

மகன் வருடத்துக்கு ஒரு முறை லீவில் போகும்போது ஒவ்வொரு வேலையாகப் பார்க்கிறார். எஞ்சின் பழைய வான்கார்டு வம்சம் என்பதால் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கண்ணாடி ரப்பரும் கதவுக் கைப்பிடியும்தான் கிடைப்பதில்லை. சீட்டு உறை மட்டும் கரோல் பாகிலிருந்து அவரே தைத்துக் கொண்டு போனது.

ஓர் ஆயுத பூஜை அன்று எஞ்சின் கிளம்பியது. சந்தனம், குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மகன் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அப்பா, இன்னிக்கு நீங்க இங்க உட்காருங்க. நான் ஓட்டறேன்" என்றார்.

பெரியவர் பின்சீட்டை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "அங்க உட்கார்ந்தா ரோடு தெரியாதுடா" என்றார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, முன்கதவைத் திறந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கொட்டகையிலிருந்து வேப்பமரம் வரை ஓட்டி, அங்கேயே நிறுத்தி, எஞ்சின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு ரிவர்ஸ் போட்டுக் கொட்டகைக்குத் திரும்பினார்கள்.

சாவி பெரியவரின் சட்டைப் பையில்தான் இருக்கிறது.